இரண்டு வெள்ளி உயிர்

"ட்ரான்சிஸ்டர்ல வர்றது சத்தம். வால்வுல வர்றதுதான் பாட்டு."

சைனாடவுன் ஸ்மித் ஸ்ட்ரீட் உணவங்காடியில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, கோப்பி-ஓவை ஆற்றிக்கொண்டே நண்பர் ஒருவர் இப்படித் தீர்ப்பு சொன்னார். மேசையில் நாங்கள் நாலு பேர். நாலு பேரும் தலையாட்டினோம். நானும்தான். ஆட்டாமல் என்ன செய்வது? ஆறு மாதத்துக்கு முன்னால்தான் பக்கத்துக் கட்டடம் ஒன்றின் மாடிக் கடையில் 4,200 வெள்ளி கொடுத்து ஒரு வால்வு ஆம்ப் வாங்கியிருந்தேன். அவ்வளவு பணம் கொடுத்தவன் தலை தானாகவே ஆடும்.

அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்பவருக்கு ட்ரான்சிஸ்டர் ஆம்ப் போதும். 'போதும்' என்பதுகூடத் தயக்கமான சொல். அதுதான் சரியான பொருள். வால்வில் 'உயிர்' இருக்கிறது, 'ஈரம்' இருக்கிறது, 'மனுஷத்தன்மை' இருக்கிறது என்று நம்மவர்கள் எழுதுவதும் பேசுவதும் ஒலியைப் பற்றிய பேச்சே இல்லை. அது நம் இளமையைப் பற்றிய பேச்சு. அதைப் பேசட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதற்கு விலைச்சீட்டு ஒட்டி விற்கும்போதும், அதைக் கேட்டு நடுத்தர வருமானக்காரர் சேமிப்பை எடுக்கும்போதும் யாராவது குறுக்கே பேசத்தான் வேண்டும்.

நான் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. திருகினால் உடனே பாடாது. அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். முகப்பில் ஒரு பச்சைக் கண் மெல்ல விழிக்கும், பிறகுதான் குரல் வரும். சீர்காழி கோவிந்தராஜன் என்றால் அப்பா சட்டையை மாட்டியபடியே நின்றுவிடுவார். அம்மா போன பிறகு அவர் பாட்டு கேட்பதை விட்டுவிட்டார். வாங்கி வைத்த புளூடூத் பெட்டியில் போட்டால், "நல்லால்லடா, நிறுத்து" என்பார். ஆக, அவருக்கு அந்தப் பழைய ஒலி வேண்டும் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். கடைக்காரர், எழுபது வயது கன்டோனியர், என் முகத்தைப் பார்த்தே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். "மை ஃப்ரெண்ட், டியூப் காட் ஹார்ட் லா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் ஒரு பழைய ஒலி இருந்தது. சின்ன வயதில் இதே சைனாடவுன் கோப்பிக்கடையில் ரெடிஃபியூஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து லீ தாய் சோரின் கதைகளைக் கேட்டாராம். "தட் சவுண்ட்!" என்று கண்ணை மூடினார்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ரெடிஃபியூஷன் 1949-ல் சிங்கப்பூருக்கு வந்த கம்பிவழி வானொலி. நிலையத்திலிருந்து கம்பி இழுத்து, மாதச் சந்தா வாங்கி, வீட்டுக்கும் கடைக்கும் ஒரு பெட்டி கொடுப்பார்கள். அந்தப் பெட்டியில் வால்வு கிடையாது. ட்ரான்சிஸ்டரும் கிடையாது. ஒரு ஸ்பீக்கர், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், அவ்வளவுதான். பெருக்கும் வேலையெல்லாம் எங்கேயோ தொலைவில் நடந்தது. மைல் கணக்கான கம்பியில் மேல் சுருதிகளைத் தொலைத்துவிட்டு, மரப்பெட்டியின் அதிர்வையும் சேர்த்துக்கொண்டு வந்த அந்த ஒலியைத்தான் அவர் கண்மூடி நினைத்துக்கொண்டார். அவர் தேடுவது வால்வை இல்லை. கதை சொன்னவரையும், கூட உட்கார்ந்திருந்தவர்களையும். நான் தேடியதும் அப்படித்தான் என்று அன்றைக்கு உறைக்கவில்லை. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, இருபது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியை டாக்ஸியில் ஏற்றினேன்.

வால்வு அன்பர்களுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ட்ரான்சிஸ்டர் ஆம்பின் கெட்ட பெயர் சும்மா வந்ததில்லை. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. அறுபதுகளில் அது வீட்டு ஆம்ப்களுக்குள் நுழைந்தபோது பல ஆம்ப்கள் உண்மையிலேயே மோசம். அலையின் மேல் பாதியை ஒரு ட்ரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமக்கும். கைமாறும் இடத்தில் ஒரு சின்னத் தடுக்கல். சத்தமாக வைத்தால் தெரியாது, மெதுவாக வைத்தால் வீணையின் தேய்ந்து போகும் நாதத்தில் மணல் தட்டும். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அறுபதுகளின் குறை. எழுபதுகளிலேயே தீர்க்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் செய்த மூன்று ஆம்ப்களை, 1953-ன் வால்வு ஆம்பான குவாட் 2, பிறகு வந்த 303, 405 என்ற இரண்டு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்கள், இவற்றை எது பாடுகிறது என்று சொல்லாமல் கேட்க வைத்த சோதனையை ஜேம்ஸ் மோயர் 1978-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார். கேட்டவர்கள் காது பழகிய ஆட்கள்தான். யாராலும் ஊகத்தைத் தாண்டிப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டாக நாம் அறுபதுகளின் புகாரையே படித்துக்கொண்டிருக்கிறோம். மாமியார் செத்த பிறகும் மாமியார் கொடுமை பேசுவது மாதிரி.

சரி, இங்கிலாந்துக்காரன் காது வேறு, நம் காது வேறு என்பவர்களுக்காக நானே செய்து பார்த்தேன். இருபது வருடப் பழைய ஜப்பான் ட்ரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். என் வால்வு ஆம்ப், இஎல்34 நாலு போட்டது, பக்கத்துக்கு 35 வாட். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்கும்படி ஒரு சுவிட்ச். முக்கியமான வேலை ஒன்று உண்டு, இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நம்பாதீர்கள்: 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டின் அளவும் ஒன்றாக இருக்கும்படி ஒலியைச் சரிசெய்ய வேண்டும். ஏனென்றால் ஒன்று கொஞ்சூண்டு சத்தமாக இருந்தாலும் நம் காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது. 'உயிரோட்டம்' என்று சொல்லும். என் மகள் திரைக்குப் பின்னால் நின்று நாணயம் சுண்டி மாற்றினாள். இருபது தடவையில் பதினொன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா சொல்லியிருந்தாலும் பத்து வந்திருக்கும். 4,200 வெள்ளிக்கு ஒரு தலை அதிகம்.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். "உங்களுது புஷ்-புல். ஃபீட்பேக் போட்டது. அது வால்வே இல்ல. எங்க வீட்டுக்கு வாங்க." அவரிடம் இருப்பது 300பி. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938-ல் கொண்டுவந்த வால்வின் வாரிசு. பக்கத்துக்கு ஒரே வால்வு, எட்டு வாட், ஃபீட்பேக் இல்லை. ஹாலில் விளக்கை அணைத்தால் இரண்டு அகல்விளக்கு மாதிரி எரியும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு, இதில் எனக்கு வழக்கே இல்லை. என் 150 வெள்ளி ஆம்பைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதே சோதனை. அவர் வீட்டு அக்கா போர்வைக்குப் பின்னால் சுவிட்சைத் திருப்பினார். இருபதுக்குப் பதினெட்டு சரியாகச் சொன்னார் நண்பர். எனக்கே வித்தியாசம் கேட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் பெரிதாக, பாடகி ஓரடி முன்னால் வந்து நின்ற மாதிரி. ஒத்துக்கொண்டேன்.

ஆனால் ஏன் கேட்டது என்று பார்க்க வேண்டுமில்லையா? '8 ஓம்' என்று ஸ்பீக்கர் முதுகில் எழுதியிருப்பது ஒப்புக்குத்தான். சுருதிக்குச் சுருதி அது மாறும், சில இடத்தில் 4-க்கு இறங்கும், கீழ்ச் சுருதியில் ஓரிடத்தில் 20-ஐத் தாண்டும். நல்ல ட்ரான்சிஸ்டர் ஆம்பின் உள்தடை மிகக் குறைவு, பெரும்பாலும் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் ஸ்பீக்கர் எப்படி முரண்டு பிடித்தாலும் ஒரே அளவாகக் கொடுக்கும். ஃபீட்பேக் இல்லாத 300பி ஆம்புக்கு உள்தடை இரண்டு மூன்று ஓம் இருக்கும். 3 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஸ்பீக்கர் 20 ஓமாக இருக்கும் சுருதி, 4 ஓமாக இருக்கும் சுருதியைவிட மூன்றரை டெசிபல் தூக்கலாக வரும். அதாவது நண்பரின் 'உயிர்' என்பது ஸ்பீக்கரின் குணத்துக்கு ஏற்ப வளைந்த ஒரு டோன் கன்ட்ரோல். யாரும் திருகாமலே திருகிவிட்ட குமிழ்.

இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். சிம் லிம் டவருக்குப் போனேன். 3.3 ஓம், 10 வாட் ரெசிஸ்டர், வெள்ளைச் சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் சேர்த்து இரண்டு வெள்ளி. மறுவாரம் அதை என் ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் கோர்த்து, அளவைத் திரும்பச் சமன்செய்து, போர்வையைப் போட்டேன். நண்பர் கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாவது தடவையே, "இதுதான் என்னோடது, உயிர் தெரியுது பாருங்க" என்றார். பாடிக்கொண்டிருந்தது இரண்டு வெள்ளி ரெசிஸ்டர். கடைசியில் இருபதுக்கு ஒன்பது. அக்கா போர்வைக்குப் பின்னால் சிரித்துவிட்டார். அதை நண்பர் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். வயர் சரியில்லை என்றார்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1985-லேயே பாப் கார்வர் என்ற அமெரிக்கர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம், நீங்கள் எந்த ஆம்பைக் காட்டினாலும் என் ட்ரான்சிஸ்டர் ஆம்பை அதே மாதிரி பாட வைக்கிறேன் என்று சவால் விட்டார். அவர்கள் விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இரண்டு நாளில் மாற்றியமைத்துக் காட்டினார். ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. பிற்பாடு கார்வரே வால்வு ஆம்ப் செய்து விற்கவும் செய்தார். பிசினஸ் என்பது அதுதானே!

"அந்த வளைவுதான் எனக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கித்தாருக்கு வால்வு ஆம்ப் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நான் வாயே திறக்கமாட்டேன். அங்கே ஆம்பும் வாத்தியத்தில் ஒரு பாதி, அது திணறும் ஒலிக்காகத்தான் வாங்குகிறார்கள். வீட்டு ஆம்பின் வேலை வேறு. பாடியவர் பாடியதைக் கொண்டுவந்து சேர்ப்பது. அதிலும் நம் பாட்டுகளுக்கு இந்தக் கூடுதல் 'ஈரம்' எதற்கு? ஐம்பது, அறுபதுகளின் தமிழ்ப் பாட்டு பதிவானதே வால்வு வழியாகத்தான். மைக்கின் குரலைப் பெருக்கியது வால்வு, நாடாவில் எழுதியது வால்வு, இசைத்தட்டின் பள்ளத்தை வெட்டிய இயந்திரத்தை ஓட்டியது வால்வு. பி. சுசீலாவின் குரல் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போதே அத்தனை வால்வுகளிலும் குளித்துவிட்டுத்தான் வருகிறது. வீட்டில் இன்னொரு தரம் முக்குவது, கொதித்து இறக்கிய ரசத்தில் புளி கரைத்து ஊற்றுவது மாதிரி.

இளையராஜா விஷயம் இன்னும் வேடிக்கை. பாதி சிங்கப்பூரில் எடுத்த படம் 'ப்ரியா', சுஜாதாவின் கதை, 1978. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான பாடல்கள் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். அந்தக் காலத்துக்குள் உலகெங்கும் ஒலிப்பதிவு மேசைகள் ட்ரான்சிஸ்டருக்கும் ஐசிக்கும் மாறிக்கொண்டிருந்தன. எண்பதுகளிலிருந்து 5532 என்ற எட்டுக்கால் ஐசியைத் தாண்டாமல் காதுக்கு வந்த பாட்டு குறைவு. ஒரு மேசைக்குள்ளேயே அது டஜன் கணக்கில் இருக்கும். இத்தனை சிலிக்கானைக் கடந்தும் சாகாத பாட்டு, கடைசியில் என் வீட்டு ஆம்பில் ஒரு ஜோடி ட்ரான்சிஸ்டரைப் பார்த்ததும் செத்துவிடுமா?

எனக்குக் கோபம் வருவது இன்னோர் இடத்தில். 'ட்ரான்சிஸ்டர்' என்றால் நம் ஊர்களில் அது ஆம்புக்குள் இருக்கும் பாகமே இல்லை, தோளில் தொங்கிய ரேடியோ. வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும், வைக்க ஒரு கூடம் வேண்டும், வாங்கப் பணம் வேண்டும். ட்ரான்சிஸ்டர் வரப்புக்குப் போனது, டீக்கடைக்குப் போனது, தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் போனது. இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளைக் கடல் தாண்டி, இரைச்சலுக்கு நடுவே, நாலு பேட்டரியில் கேட்டு ஒரு தலைமுறையே கண்ணீர் விட்டது. அதில் உயிர் இல்லையென்றால் அவர்கள் எதற்கு அழுதார்கள்? வால்வு உள்ள கூடத்தில் கேட்பதுதான் ரசனை, மற்றதெல்லாம் சத்தம் என்று தீர்ப்பு எழுதும்போது யாருடைய காதைத் தள்ளி வைக்கிறோம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

வெப்பத்தைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. என் ஆம்ப் சுவரிலிருந்து 180 வாட் இழுத்தது, பாடினாலும் பாடாவிட்டாலும். தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாதம் 21 யூனிட்டுக்கு மேல். யூனிட் முப்பது காசு அளவில் போட்டால் ஆறேழு வெள்ளி. யாரும் ஏழையாகிவிட மாட்டோம். ஆனால் அத்தனையும் அநேகமாகச் சூடாகத்தான் வெளியே வருகிறது. சிங்கப்பூரில், வீவக வீட்டு ஹாலில், மே மாதத்தில். அதைத் தணிக்க ஏர்கானைப் போட்டால், ஏர்கான் இரைச்சலில் அந்த 'நுண்மை' எல்லாம் போயேபோச்சு. வால்வு தேயும், மாற்ற வேண்டும். உள்ளே 400 வோல்ட் அளவில் ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல்மூடியைக் கழற்றி அழகு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ப் வந்த அன்று, வால்வெல்லாம் சிவந்ததும் சீர்காழியைப் போட்டேன். பச்சைக் கண் இல்லையே என்று பார்த்தார். பிறகு பாட்டு. மூன்று நிமிடமும் பேசாமல் இருந்தார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வார்த்தை ஒண்ணும் கேக்கல," என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன். பிறகு 180 வெள்ளிக்கு வேறு வால்வு வாங்கிப் போட்டேன். மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய் வருவோம், அங்கே நாகஸ்வரம் பக்கத்தில் நின்று கேட்டால் முகம் மலரும். 'பார், அசல் ஒலிக்கு மலர்கிறார், நம் செட் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை' என்று நினைத்தேன். காதுக்குள் கத்தி விழுகிற மாதிரி வாசிக்கும் வாத்தியம் அது, அதனால்தான் கேட்கிறது என்று தோன்றவே இல்லை. ஒன்றரை வருடம் ஓடியது.

கடைசியில் பேத்திதான், என் மகள்தான், "தாத்தாவுக்குக் காது கேக்கல" என்றாள். அவ்வளவு லேசாக. பரிசோதனை அறையில் வரைபடத்தைக் காட்டினார்கள். 2,000 ஹெர்ட்ஸ் வரை சாய்வாக இறங்கி, அதற்கு மேல் மலைச்சரிவு மாதிரி விழுந்திருந்தது. ச, த, ட, ஸ் எல்லாம் வாழும் பகுதி. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து கேட்காது. புளூடூத் பெட்டியிலிருந்து 4,200 வெள்ளிவரை எதைப் போட்டாலும் அவருக்குச் சீர்காழி வெறும் ஆ, ஓ, ஈ. நான் 'ஈரம்' சேர்க்கப் போன இடத்தில் அவருக்கு வேண்டியிருந்தது கூர்மை.

இரண்டு காதுக்கும் கருவி 3,600 வெள்ளி. கையில் அவ்வளவு இல்லை, ஆம்பை விற்பனைக்குப் போட்டேன். ஓர் இளைஞர் பார்க்க வந்தார். ரெசிஸ்டர் கதையை முழுதாகச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். பிறகு 2,600-க்கு ஆம்பை எடுத்துக்கொண்டு, "அண்ணே, அந்த ரெசிஸ்டரையும் தர்றீங்களா?" என்றார். கொடுத்துவிட்டேன்.

கேட்புக் கருவி என்பதும் ஆம்ப்தான். மைக், ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றும் ஒரு புளியங்கொட்டைக்குள். ஒருகாலத்தில் அதுவும் வால்வில்தான் ஓடியது. இழையைச் சுட வைக்க ஒரு பேட்டரி, ஓட்ட இன்னொரு பேட்டரி, சட்டைப்பையில் கனம். 1952 கடைசியில் வந்த சோனோடோன் 1010-ல் இரண்டு வால்வு, ஒரு ட்ரான்சிஸ்டர். ட்ரான்சிஸ்டரை வைத்துப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் பொருள் அதுதான், ரேடியோகூட அதற்குப் பிறகுதான். காது கேளாதவர்களுக்காக உழைத்த கிரகாம் பெல்லின் நினைவாக, கேட்புக் கருவி செய்பவர்களிடம் ட்ரான்சிஸ்டருக்கு உரிமத் தொகை வாங்கவில்லை. இரண்டே வருடத்தில் அந்தத் துறையில் வால்வு ஒழிந்தது. அங்கே 'உயிர் போச்சு' என்று யாரும் கட்டுரை எழுதியதாக நான் படித்ததில்லை.

கருவி மாட்டிய மறுநாள் காலை அப்பா எல்லாவற்றையும் திட்டினார். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, லிஃப்ட் கத்துகிறது, நான் மெல்லும் சத்தம் சகிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே குயில் கூவியது. எங்கள் புளோக்கில் விடியற்காலை நாலரைக்கே ஆரம்பித்து அக்கம்பக்கத்தாரைப் புகார் எழுத வைக்கிற குயில். "இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"பத்து வருஷமா இருக்குப்பா."

சாயங்காலம் 150 வெள்ளி ஆம்பில் சீர்காழியைப் போட்டேன். பல்லவி முடியும்வரை பேசாமல் இருந்தார். "ஏன்டா இவ்வளவு சத்தமா வெக்கிற?" என்றார். குறைத்தேன்.

"இன்னும் கொறை."